புது ஜெனரேட்டருக்குத் தாலாட்டு பாடாதீங்கய்யா!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, எழுதினா ஊர்ல நாலு மெக்கானிக்கோட மனஸ்தாபம் வருமேன்னு தள்ளிப் போட்ட விஷயம் இது. போன வாரம் ஒரு காட்சியைப் பார்த்தப்புறம் இனிமே தள்ள முடியாதுன்னு தோணிடுச்சு.

திண்டிவனத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் பால், ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் பண்றார். கடை வாசல்ல புதுசா 25 கேவிஏ ஜெனரேட்டர் இறங்கியிருந்தது. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம். (சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதுக்குன்னு கேக்கக் கூடாது, சாமி குத்தம்.) கற்பூரம் காட்டி பட்டனை அழுத்தினாங்க. டப்புனு ஸ்டார்ட் ஆச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நிமிஷம் சும்மா ஓடிச்சு. செட்டை ஓட்டிக் காட்ட வந்த ஆளு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு, ஒரு கேசரியை வாயில போட்டுக்கிட்டு சொன்னாரு:

"ஒரு மாசத்துக்கு லோடு ஜாஸ்தி குடுக்காதீங்க சார். தினம் பத்து நிமிஷம் சும்மா ஓட்டி விடுங்க போதும். புது இன்ஜின் பாருங்க, மெதுவா பழகட்டும்."

எனக்கு அங்கேயே ரத்தம் கொதிச்சுது. இந்த ஒரு வாக்கியம் விழுப்புரம் ஜில்லாவுல எத்தனை இன்ஜினைக் கொன்னிருக்குன்னு யாராவது கணக்கு எடுத்தா நல்லா இருக்கும். கொன்னது யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது, அதுதான் இதுல வசதி. இன்ஜின் உடனே சாகாது. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், கரும்புகை தள்ளும், லோடு ஏத்தினா முக்கும். அப்ப அதே ஆளு வந்து "கம்பெனி பீஸே சரியில்ல சார்" என்று சொல்லிட்டு அதுக்கும் ஒரு பில் போடுவார்.

என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா இவன் யாரு பெரிய இதுன்னு தோணும். 2015 வரைக்கும் சரக்குக் கப்பல்ல வேலை. கடைசியா தேர்டு இன்ஜினியர். கப்பல்ல ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் தேர்டு இன்ஜினியரோட பொறுப்புதான். நடுக்கடல்ல கரண்ட் போச்சுன்னா மின்வாரியத்துக்கு போன் போட முடியாது. ஸ்டியரிங் உட்பட எல்லாம் போச்சு. அதனால அந்த மெஷினோட காது கேக்கற தூரத்துலயே பல வருஷம் குடியிருந்தவன் நான்.

அங்க ஒரு சிலிண்டருக்கு லைனரும் பிஸ்டன் ரிங்கும் மாத்தினா என்ன பண்ணுவோம் தெரியுமா? முதல்ல அஞ்சு நிமிஷம் லோடு இல்லாம ஓட்டுவோம். நிறுத்துவோம். சூடு கொஞ்சம் இறங்க விட்டு, கிராங்க் கேஸ் கதவைத் திறந்து பேரிங்கெல்லாம் கையால தொட்டுப் பார்ப்போம். ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா அங்க ஏதோ தப்பு. மறுபடி ஓட்டி, மறுபடி தொட்டு, எல்லாம் சரின்னு ஆனதும் லோடுல போடுவோம். கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசின்னு மணிக்கணக்குல ஏத்திக்கிட்டே போவோம். ஒவ்வொரு சிலிண்டரோட புகைச் சூடும் லாக் புக்ல ஏறும். சும்மா ஓட்டுறது பேரிங்கைப் பார்க்க மட்டும்தான். அதுக்கு மேல அரை மணி நேரம் லோடு இல்லாம உருட்டிக்கிட்டு இருந்தா சீஃப் இன்ஜினியர் மேலே இருந்து இறங்கி வந்து நம்ம பரம்பரையையே விசாரிப்பார்.

ஏன்?

இதுக்கு கப்பலுக்குப் போக வேண்டாம், நம்ம வீட்டு அம்மிக்குப் போனாப் போதும். அம்மி கொத்துறவர் வந்து கொத்திட்டுப் போனதும் அம்மா என்ன பண்ணுவாங்க? உடனே சட்னி அரைக்க மாட்டாங்க. தவிடோ நொய்யோ போட்டு, குழவியை அழுத்தி அரைச்சுத் தள்ளிக் கொட்டுவாங்க. கொத்துன பொளியோட கூர் மழுங்கி, கல்லு மாவெல்லாம் வெளியே வந்து, குழவியும் அம்மியும் ஒண்ணுக்கொண்ணு சேரணும். அதுக்கு அழுத்தம் வேணும். அழுத்தாம குழவியை சும்மா ஒரு மாசம் மேல உருட்டிக்கிட்டே இருந்தா அம்மி பழகுமா?

டீசல் இன்ஜின் லைனரும் கொத்துன அம்மிதான். ஹோனிங் மெஷின்ல விட்டு உள்சுவர் முழுக்க குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோட்டுப் பள்ளத்துல ஆயில் தங்கும், மேட்டு முனைகளை பிஸ்டன் ரிங் தேய்ச்சு சமப்படுத்தும். தேய்ச்சு முடிஞ்சா ரிங்கும் லைனரும் ஒட்டி உட்காரும். அதுக்கு அப்புறம் மேல எரியற வாயு கீழே வராது, கீழே இருக்கற ஆயில் மேலே போகாது. மொத்த ஆயுசும் இந்த உட்கார்தல்லதான் இருக்கு.

இப்ப முக்கியமான இடம். ரிங் தன்னோட ஸ்பிரிங் பலத்துல லைனரை அழுத்துதுன்னு நெனைக்கிறோம். அது கொஞ்சம்தான். உண்மையான அழுத்தம் எங்கிருந்து வருதுன்னா, எரிஞ்ச வாயு மேல் ரிங்குக்குப் பின்னாடி இறங்கி அதை வெளிப்பக்கமா லைனர் மேல தள்ளுது பாருங்க, அதுலேருந்து. லோடு ஏற ஏற டீசல் கூட எரியும், வாயு அழுத்தம் கூடும், ரிங் நல்லா அழுந்தும். லோடே இல்லேன்னா? ரிங் வெறுமனே வழுக்கிக்கிட்டுப் போகும். சுவத்துல மிச்சம் தங்கற ஆயில் அப்படியே பாதி வெந்து, அந்தக் கோட்டுப் பள்ளத்துல வார்னிஷ் மாதிரி படியும். லைனர் கண்ணாடி ஆயிடும். கிளேஸிங்னு சொல்லுவாங்க. வழவழன்னு ஆன அம்மியில மிளகா எப்படி வழுக்குமோ அப்படி. அதுக்கப்புறம் நீங்க லோடு போட்டாலும் ரிங் உட்காராது. பெரும்பாலும் கழட்டி மறுபடி ஹோனிங் போட்டு புது ரிங் மாத்தணும். அந்த வாய்ப்பு இருக்கறது முதல் சில பத்து மணி நேரம் மட்டும். அந்த நேரத்தைத்தான் நம்மாளுங்க "மெதுவா பழகட்டும்"னு சும்மா உருட்டிக் காலி பண்றாங்க.

இந்த மூடநம்பிக்கை எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பார்த்தேன். புது பைக் வாங்கினா முதல் 500 கிலோமீட்டருக்கு 40க்கு மேல போகாதேன்னு சொல்லுவாங்க இல்லையா? அந்தக் காலத்துக் கார்ல பின்னாடி கண்ணாடியில 'ரன்னிங் இன்'னு ஒட்டிக்கிட்டு மாட்டு வண்டிக்குப் பின்னாடி போவாங்க. அதை அப்படியே ஜெனரேட்டருக்குக் கொண்டு வந்துட்டாங்க. அய்யா, பைக்குல வேகம் மாறும். ஜெனரேட்டர்ல வேகம் எங்க மாறுது? 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வேணும்னா சாதாரண நாலு போல் ஆல்டர்னேட்டர் 1500ல சுத்தியே ஆகணும். பல்பு ஒண்ணு எரிஞ்சாலும் 1500, மண்டபம் முழுக்க ஏசி ஓடினாலும் 1500. நீங்க லோடைக் குறைச்சா இன்ஜின் மெதுவா ஓடல, அதே வேகத்துல வேலை இல்லாம ஓடுது. வேகமா சுத்து, ஆனா அழுத்தாதேன்னு சொல்றது அம்மியைக் கெடுக்கறதுக்குன்னே யோசிச்சு வெச்ச மாதிரி இருக்கு.

எங்க தாத்தாவோட ஆயில் இன்ஜினைச் சொல்றேன். மயிலம் பக்கத்துல எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை. (திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி ரகம்தான் போடுவாங்க. டிஎம்வின்னா திண்டிவனம்தான்னு அப்பல்லாம் எங்களுக்கு ஒரே பெருமை.) கெணத்துக்கு 5 குதிரை சக்தி இன்ஜின் வாங்கின அன்னிக்கே தாத்தா பெல்ட்டை மாட்டி, பம்பைப் பூட்டி, சாயங்காலம் வரைக்கும் தண்ணி எறைச்சுட்டார். டீசல் வாங்கிட்டு சும்மா ஓட்டற அளவுக்கு அவர்கிட்ட காசு இல்லை, அவ்வளவுதான். அந்த இன்ஜின் 30 வருஷம் உழைச்சுது. அவர் எந்தப் புத்தகமும் படிக்கல. ஏழ்மை அவருக்கு சரியான பாடத்தை சொல்லிக் குடுத்துச்சு. வசதி வந்தப்புறம்தான் நமக்கு இந்தத் தாலாட்டு வந்தது.

2012ல கரண்ட் கட் உச்சத்துல இருந்தது நினைவிருக்கா? சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் கிடையாது. அப்பதான் விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் ஜெராக்ஸ் கடை முதல் அரிசி மில் வரைக்கும் ஆளாளுக்கு ஜெனரேட்டர் வாங்கினாங்க. பைக் மெக்கானிக், பம்ப் செட் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் எல்லாரும் ராவோட ராவா ஜெனரேட்டர் நிபுணர் ஆனாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, தேவை அப்படி. ஆனா அன்னிக்குப் பரவின ஜோசியம் இன்னிக்கும் ஓடுது.

இப்ப என் சொந்தக் கதை. இதுல எனக்கும் பங்கு இருக்கறதால கொஞ்சம் கூச்சத்தோட எழுதறேன்.

மரக்காணம் பக்கத்துல என் சித்தப்பா பையன். ஆழ்கடல் போட் ஒண்ணுல பங்கு. போட் நிக்கறது புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துல. ஐஸ் செலவு தாங்கலைன்னு மீன் அறைக்குக் கூலிங் மெஷின் வெச்சாங்க. அதுக்காக 2023ல 10 கேவிஏ மரைன் ஜெனரேட்டர் ஒண்ணு, கடன்ல. 10 கேவிஏன்னா சுமார் 8 கிலோவாட். வேலை பார்த்த பெரியவர், அந்தப் பக்கத்துல பாதி மெக்கானிக்குகளுக்கு தொழில் கத்துக் குடுத்தவர். அவர் சொன்னது: "தம்பி, 100 மணி நேரத்துக்கு கூலிங் மெஷினைக் காட்டாதே. பல்பு மட்டும் போட்டு பழக்கு." இவனும் தினம் சாயங்காலம் ஜெட்டியில உக்காந்து ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், நாலு செல்போன் சார்ஜர் போட்டுக்கிட்டு பக்தியா ஓட்டினான். கூட்டிப் பார்த்தா 300 வாட் வரும். நூத்துக்கு நாலு பங்குகூட இல்லை.

நான் ஒரு நாள் போனப்ப இதைப் பார்த்தேன். மனசுக்குள்ள தெரியுது தப்புன்னு. பெரியவர் பக்கத்துலயே பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் முன்னாடி அவர் சொன்னதை மறுத்துப் பேசறதான்னு வாயை மூடிக்கிட்டு, டீ குடிச்சுட்டு வந்துட்டேன். கப்பல்ல படிச்ச படிப்பெல்லாம் ஒரு டீயோட போச்சு.

மரைன் செட்டுக்கு இது இன்னும் மோசம். கடல்தண்ணி வெச்சு குளிர வைக்கிற மெஷின்; லோடு இல்லேன்னா வேலை செய்யற சூட்டுக்கே சரியா வராது. எரியாத டீசலும் ஆயிலும் கலந்து புகைக்குழாய் வழியா கறுப்பா கசியும். தண்ணியில எண்ணெய்ப் படலம் மினுமினுக்கும். வெட் ஸ்டேக்கிங்னு பேரு. பொதுவா செட்டோட சக்தியில 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினா இது வரும்னு எல்லாரும் சொல்ற கணக்கு. அவன் அதைப் பார்த்துட்டு "அழுக்கெல்லாம் வெளியே வருதுண்ணே, க்ளீன் ஆகுது"ன்னான். பாருங்க, எவ்வளவு நம்பிக்கை!

நூறு மணி நேரம் முடிஞ்சு கூலிங் மெஷின் போட்டு கடலுக்குப் போனாங்க. நீலப்புகை. ராத்திரிக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்குது. புது இன்ஜின் ஆயில் குடிக்குமான்னு யாரும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கல. ரெண்டாம் நாள் போட் ஆட்டத்துல ஆயில் பிரஷர் விழுந்து தானா நின்னுடுச்சு. நின்னது நல்லது, நிக்காம ஓடியிருந்தா கிராங்க்கே போயிருக்கும். கூலிங் போச்சு. ஐஸ் கொஞ்சமா எடுத்துட்டுப் போயிருந்தாங்க, ஏன்னா அதான் புது மெஷின் இருக்கே. கரைக்கு வந்து சேர்ந்தப்ப சூரை மீனெல்லாம் பாதி விலைக்குப் போச்சு. வஞ்சிரம் மட்டும் தப்பிச்சுது. ஏழு குடும்பத்துக்கு அந்த மாசம் அதான் வருமானம்.

ஹெட்டைக் கழட்டினப்ப நான் போயிருந்தேன். லைனர் உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா மஞ்சளா ஒரு பாலிஷ். ஹோனிங் கோடு அடியில லேசா தெரியுது, மேல வார்னிஷ். ஹோனிங், ரிங் செட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். வாரண்டி கேட்டதுக்கு, லோடு இல்லாம ஓட்டினதுக்கு வாரண்டி இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. புத்தகத்துல போட்டிருக்காம். போட்டுதான் இருக்கு, நானும் பார்த்தேன். இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல. "அதிக நேரம் லோடு இல்லாமல் ஓட்டாதீர்கள்" என்று ஒரு வரியைத் தமிழ்ல பெயின்ட்ல எழுதி மெஷின் மேல ஒட்ட எவ்வளவு செலவாகும்? மரக்காணத்துக் கடலோடிக்கு விக்கத் தெரியுது, மரக்காணத்துக் கடலோடி பாஷையில நாலு பக்கம் அச்சடிக்கத் தெரியல.

ஆயில் பார்க்காதது சின்ன போட்டுக்காரன் மட்டும் பண்ற தப்புன்னு நெனைக்காதீங்க. 2019 மார்ச் 23ல நார்வே கரையோரம் ஹுஸ்டாட்விகாங்கற மோசமான கடல்பகுதியில வைக்கிங் ஸ்கைன்னு ஒரு சொகுசுக் கப்பல், 1373 பேரோட, ஓடிக்கிட்டிருந்த டீசல் ஜெனரேட்டர் எல்லாம் நின்னு போய் பாறையை நோக்கி மிதந்துச்சு. விசாரணையில வந்த காரணம், ஆயில் தொட்டியில இருக்க வேண்டியதை விட ரொம்பக் கம்மியா ஆயில். கப்பல் ஆடின ஆட்டத்துல பம்புக்கு ஆயில் கிடைக்கல, பாதுகாப்பு சிஸ்டம் இன்ஜினை நிறுத்திடுச்சு. ஹெலிகாப்டர் வெச்சு நூத்துக்கணக்கான பேரைத் தூக்கினாங்க. எப்படியோ இன்ஜினை மறுபடி கிளப்பி உயிர்ச்சேதம் இல்லாம தப்பிச்சாங்க. அத்தனை அலாரமும் அத்தனை இன்ஜினியரும் இருந்த கப்பல்லயே அப்படின்னா, புது செட் வெச்சிருக்கறவங்க முதல் 50 மணி நேரத்துக்கு தினம் டிப்ஸ்டிக் பார்க்கறதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை. நிறுத்தி, ஆயில் கீழ இறங்க கொஞ்ச நேரம் விட்டு, துடைச்சுட்டுப் பாருங்க.

சரி, கடலை விட்டுக் கரைக்கு வருவோம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறிச்சு. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. விழுப்புரம் ஜில்லாவே தண்ணியில நின்னுச்சு. எங்க தெருவுல கரண்ட் போனது போனதுதான். எங்க பெரியம்மாவுக்கு நுரையீரல் கோளாறு, வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின். அது ஒண்ணும் பெரிய லோடு இல்லை, ஒரு மிக்ஸி அளவுக்குத்தான் இழுக்கும். ஆனா விடாம இழுக்கணும்.

பக்கத்துல ஒரு சின்ன கல்யாண மண்டபம். புது 62.5 கேவிஏ செட். "எங்க ஜெனரேட்டர் இருக்கு, தூக்கிட்டு வாங்க"ன்னு மண்டபத்துக்காரர் பெரிய மனசோட கூப்பிட்டார். பெரியம்மாவையும் மெஷினையும் அங்க கொண்டு போனோம். தெருவுல பாதிப் பேர் அங்கதான். இந்த செட்டோட ஜாதகம் என்னன்னா, ஆடித் தள்ளுபடியில வாங்கினது. ஆடியில கல்யாணம் ஏது? ஆவணியில ரெண்டு சின்ன விசேஷம், புரட்டாசியில ஒண்ணும் இல்லை, ஐப்பசியில மழை. மத்த நாளெல்லாம் வாட்ச்மேன் தினம் காலையில கால் மணி நேரம் சும்மா ஓட்டி நிறுத்துவார். 50 கிலோவாட் குதிரைக்கு நாலு மாசமா வேலையே இல்லை.

ராத்திரி ரெண்டு மணி நேரம் லைட், ஃபேனுக்கு ஓடிச்சு. அப்புறம் கீழ் தளத்துல சமையல் கூடத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சதும் ரெண்டு பம்ப் மோட்டார் போட்டாங்க. செட் முக்குது, முனகுது, கன்னங்கரேல்னு புகை, லைட் மங்கி மங்கி எரியுது. அஞ்சு நிமிஷத்துல நின்னுடுச்சு. மறுபடி போட்டா மறுபடி அதே. மோட்டாரைக் கழட்டியும் பார்த்தாச்சு, எழுந்திருக்கல. பின்னாடி கழட்டினப்ப நாஸில் முனையெல்லாம் கரி அடைச்சுக் கிடந்ததா சொன்னாங்க.

அன்னிக்கு பெரியம்மாவைக் காப்பாத்தினது யார் தெரியுமா? தெருமுனை பரோட்டா கடை பாய். தினம் சாயங்காலம் கரண்ட் போனா போதும்னு நாலு வருஷமா அவர் கடையில முழு லோடுல அலறிக்கிட்டு இருக்குமே ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், தள்ளுவண்டி சைஸுல, அதைத் தலையில தூக்கிக்கிட்டு முழங்கால் தண்ணியில வந்தார். ஒரே இழுப்பு, ஸ்டார்ட். மண்டபத்து வராந்தாவுல, புகை உள்ள வராத இடமா பார்த்து வெச்சு விடிய விடிய ஓட்டினோம். "இது உழைச்சுப் பழகுன கழுதைண்ணே, நிக்காது"ன்னு சொன்னார் பாய். பெரியம்மா இன்னிக்கும் அவரைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடறாங்க.

இங்க விக்கறவங்களையும் கேக்கணும். 15 கேவிஏ போதும்னு இருக்கற இடத்துக்கு 62.5 தள்றது. "ஃப்யூச்சர்ல ஏசி போடுவீங்க சார்." அந்த ஃப்யூச்சர் வர்றதுக்குள்ள லைனர் கண்ணாடி ஆயிடுது. 2023 ஜூலை 1 முதல் புது புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து, இப்ப வர்ற செட்டுகள்ல நிறைய எலக்ட்ரானிக். சில அளவுகள்ல புகைக்குழாயிலேயே வடிகட்டியும் சேர்ந்து வருது. வடிகட்டியில சேர்ற கரியை எரிக்க புகைக்கு சூடு வேணும். லோடு இல்லாத இன்ஜின்ல சூடு எங்கேருந்து வரும்? ஆக பழைய தப்புக்கு இனிமே பழையதை விட சீக்கிரம் தண்டனை.

"லோடு போட்டா டீசல் குடிக்குமேய்யா"ன்னு ஒரு கட்சி. குடிக்கும். 25 கேவிஏ செட்டை முக்கால் லோடுல எட்டு மணி நேரம் ஓட்டினா 35 லிட்டர் பக்கம் ஆகலாம். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல, 3,200 ரூபாய்னு வெச்சுக்குங்க. என் தம்பி குடுத்த 38,000ஐ பக்கத்துல வெச்சுப் பாருங்க.

"எங்க அப்பா மெதுவாத்தான் பழக்கினார், நல்லாத்தான் ஓடிச்சு"ன்னு இன்னொரு கட்சி. மெதுவாங்கறதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்லல. ஸ்டார்ட் பண்ணின உடனே குளிர்ந்த இன்ஜின் மேல முழு லோடையும் தூக்கிப் போடறவனும் கொலைகாரன்தான். மூணு, நாலு நிமிஷம் சூடேறணும். லோடை படிப்படியா ஏத்தணும். சக்திக்கு மேல இழுக்கக் கூடாது. நிறுத்தும்போது லோடை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் ஆற விடணும், டர்போ இருந்தா கண்டிப்பா. ஒரே லோடுல மணிக்கணக்கா வைக்காம ஏத்தி இறக்கிக் காட்டணும். முதல் ஆயிலை பல கம்பெனி 50 மணி நேரத்துல மாத்தச் சொல்லும். சூடா இருக்கும்போதே வடிக்கணும், அப்பதான் தேய்ஞ்ச தூளெல்லாம் கூட வரும். டேப்பட் இடைவெளி, போல்ட் முறுக்கு, பெல்ட் இறுக்கம் மறுபடி பார்க்கணும். உங்க செட்டோட புத்தகத்துல வேற கணக்கு இருந்தா அதுதான் சட்டம், நான் இல்லை. ஆனா ஒரு மாசம் சும்மா ஓட்டுன்னு எந்தப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்லை.

மரைன் செட்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை கடல்தண்ணி வால்வைத் திறந்து வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப சுத்தாதீங்க. பம்ப் தள்ற தண்ணியை வெளியே துரத்த புகை இல்லாததால மஃப்ளர் நெறஞ்சு, தண்ணி சிலிண்டருக்கே திரும்பும். வால்வை மூடிட்டு சுத்துங்க, பிடிச்ச அடுத்த நொடி திறங்க. மறந்தீங்கன்னா ரப்பர் இம்பெல்லர் காய்ஞ்சு போயிடும், அது தனிச் செலவு.

லோடுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. கப்பல்ல ஒரு சீஃப் கதை சொல்லுவார், அந்தக் காலத்துல டிரம்ல உப்புத்தண்ணி ஊத்தி தகடை இறக்கி கரண்ட் விட்டு லோடு காட்டுவாங்களாம். மரக்காணத்துல உப்புக்கா பஞ்சம்னு ஆசையாத்தான் இருந்தது. வேண்டாம், ஆளைக் கொல்ற வேலை அது. நம்மூர்ல இன்னும் சுலபமான வழி இருக்கு. திருவிழாவுக்கு சீரியல் செட் போடறவர்கிட்ட கேளுங்க. எல்இடி வந்தப்புறம் அவர் குடோன்ல பழைய 1000 வாட் ஹாலஜன் ஃபோகஸ் லைட்டுங்க தூசி படிஞ்சு கிடக்கும். ஒன்பது லைட்டு போட்டா 9 கிலோவாட். ஒவ்வொண்ணா ஏத்தலாம், ஒவ்வொண்ணா இறக்கலாம். வாடகை ரொம்பச் சல்லிசு.

ஐஸ்கிரீம்காரர் கதையை பாதியில விட்டேனே. கேசரி சாப்பிட்ட ஆளு கிளம்பினதும் அவரைத் தனியா கூப்பிட்டு உக்கார வெச்சு, தம்பி கதையும் பெரியம்மா கதையும் சொன்னேன். முதல்ல நம்பல. "அவரு கம்பெனி ஆளுங்க சார், நீங்க கப்பல் ஆளு" என்றார். அந்த இங்கிலீஷ் புத்தகத்தை பூஜைத் தட்டுலேருந்து எடுத்து, குங்குமத்தைத் தட்டிட்டு, அந்த வரியைத் தேடிக் காட்டினேன். பத்தாவது படிக்கற அவர் பொண்ணு வாங்கி சத்தமா படிச்சு அர்த்தம் சொல்லிச்சு. அதுக்கப்புறம்தான் மனுஷன் அசைஞ்சார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஆரம்பம். ஃப்ரீசர் எல்லாம் சேர்ந்து 6 கிலோவாட் வருது, மிச்சத்துக்கு ஹாலஜன். பகல் பூரா கடைவாசல்ல ஃபோகஸ் லைட் எரியறதைப் பார்த்து என்ன விசேஷம்னு தெருவே கேக்கப் போகுது. மரக்காணத்துலேருந்து தம்பியும் வர்றேன்னிருக்கான். டிப்ஸ்டிக் துடைக்க பழைய வேட்டி ஒண்ணு கிழிச்சு வெச்சுட்டேன்.